பிரேக்குக்குப் பூ கேட்டவர்

வண்டிக்கு பிரேக் லைனிங் மாற்றலாமா வேண்டாமா என்று சாமியிடம் கேட்ட ஒரே ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு நான் டிரைவராக இருந்தேன். சாமிக்கு முன்னால் கை நீட்டிப் பதிலை எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

அவர் பெயர் வேண்டாம். கம்பெனியில் எல்லோருக்கும் அவர் ஓனரம்மா. பெருமாநல்லூர் பக்கம் ஒரு தகர ஷெட்டில் பனியன் கம்பெனி வைத்திருந்தார். பெரிய ஏற்றுமதிக்காரர்கள் வெட்டிக் கொடுக்கும் துணியை டி-சர்ட்டாகத் தைத்து, பிசிர் வெட்டி, தேய்த்து, பெட்டியில் போட்டுத் திருப்பிக் கொடுக்கிற வேலை. அவருடைய வீட்டுக்காரர் கம்பெனிப் பக்கமே வரமாட்டார். குண்டடத்துக்குப் பக்கத்தில் அவர்களுக்குத் தோட்டம் இருந்தது. மாட்டையும் முருங்கையையும் பார்த்துக்கொண்டு அவர் அங்கேயே இருப்பார்.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். பத்தாவது முடித்துவிட்டுப் பிழைக்க வந்தவன். முதலில் அந்தக் கம்பெனியில், தைத்ததில் குறை பார்க்கிற செக்கிங்கில்தான் சேர்ந்தேன். நீள மேஜையைச் சுற்றிப் பெண்கள் நிற்பார்கள், நடுவில் நான் ஒருவன். "என்னங்க மாப்ள, இன்னைக்காவது வாயத் தொறப்பீங்களா?" என்பார்கள். கையில் இருக்கிற துணியையே பார்த்துக்கொண்டு நிற்பேன். என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது என்று தெரிந்த அன்று ஓனரம்மா என்னை வண்டிக்கு மாற்றினார். சம்பளமும் கொஞ்சம் கூடியது. அதைவிட, வண்டிக்குள் யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. அந்த வண்டி எனக்கு அப்படித்தான் பிடித்துப்போனது.

பிடித்துப்போகிற மாதிரியான வண்டி இல்லை அது. இரண்டாயிரத்து நான்கு, ஐந்து வாக்கிலேயே அது பழசு. ஜீப்புக்குத் தம்பி மாதிரிக் குட்டையாக, பெட்டி போல இருக்கும். பின்கதவில் ஸ்டெப்னி தொங்கும். யாரோ ஒரு ஏற்றுமதிக்காரர் பெரிய கார் வாங்கியபோது தள்ளிவிட்டதை ஓனரம்மா வாங்கியிருந்தார். ஸ்டெப்னியின் கனத்தில் கீல் தொய்ந்துபோய், பின்கதவைத் தூக்கிப் பிடித்துத்தான் சாத்த வேண்டும். மேடு பள்ளத்தில் முன்சக்கரத்துப் பக்கம் டொக் டொக் என்று சத்தம் வரும். புஷ் போய்விட்டது என்றார் ஒருவர், பால் ஜாயின்ட் என்றார் இன்னொருவர். இரண்டையும் மாற்றினோம். சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. இடதுபக்கக் கண்ணாடி பாதி இறங்கி நின்றுகொள்ளும். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினால் கம்பெனிப் பஞ்சு கத்தை கத்தையாக உதிரும்.

"இது வண்டிங்களா, தலகாணிங்களா?" என்று கேட்பார் அவிநாசி ரோட்டு மெக்கானிக்.

"தலகாணின்னா தூங்கீருவேன். இது என்னையத் தூங்க உடறதில்லீங்க" என்பார் ஓனரம்மா.

மெக்கானிக் செலவைச் சொன்னால் ஓனரம்மா ரூபாயில் கேட்டுக்கொள்ளமாட்டார். "அதுக்கு எத்தன டஜன் தைக்கோணும்?" என்று தனக்குத்தானே கேட்டு, விரலை மடக்குவார். கண்ணாடி மோட்டார் என்றால் ஒரு டெய்லர் டீக்குக்கூட எழாமல் தைத்தாக வேண்டும். கிளட்ச் செட் என்றால் ஒரு லைன் முழுக்க உட்கார வேண்டும். ஏசி கம்ப்ரசர் என்று மெக்கானிக் வாயெடுத்தால், "அத உட்டுருங்க, கண்ணாடிதான் பாதி தொறந்தே இருக்குதே" என்று முடித்துவிடுவார்.

இப்படிக் கணக்குப் பார்க்கிறவர் சாமியிடம் ஏன் போனார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. கம்பெனியில் அவர் எதற்கும் யோசித்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை லாரி வாசலில் நிற்கிறது, பெட்டி ஏற்றுகிறார்கள். ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்த்தவர் காலரின் நீலமும் உடம்பின் நீலமும் சேரவில்லை என்றார். எங்கள் கண்ணுக்கு இரண்டும் ஒரே நீலம். "எல்லாத்தையும் எறக்குங்க" என்றார். சூப்பர்வைசர் கெஞ்சினார், லாரிக்காரர் சத்தம் போட்டார். ஓனரம்மா அதற்குள் பிரிப்பதற்குக் கத்தரிக்கோலை எடுத்துவிட்டார். கண் இமைப்பதற்குள் எடுத்த முடிவு. அவரேதான் வைப்பர் பிளேடு மாற்றுவதற்குக் கோயிலுக்குப் போனார்.

தோட்டத்துக்குப் போகிற வழியில் ஒரு சின்ன மாரியம்மன் கோயில். ஞாயிற்றுக்கிழமை போவோம். கம்பெனியில் கிடக்கிற வெட்டுத் துண்டுத் துணியில் ஒரே மாதிரி இரண்டு துண்டு எடுத்து வந்திருப்பார். ஒன்றில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி. என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு இரண்டையும் பொட்டலமாக முடிந்து சாமி முன்னால் வைப்பார். மனதில் கேள்வியை நினைத்துக்கொள்வார். யாராவது ஒருவர் ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. பெண் பார்க்கவும், கிணறு வெட்டவும் அந்தப் பக்கம் பூ கேட்பார்கள் என்று எனக்குப் பிறகு தெரிந்தது. வண்டிக்குக் கேட்டதாக யாரும் சொல்லவில்லை.

பெரும்பாலும் குழந்தைகளைத்தான் எடுக்கச் சொல்வார்களாம். முதல் நாள் கோயிலில் பூசாரியையும் எங்களையும் தவிர யாரும் இல்லை.

"உனக்குக் கல்யாணம் ஆகலீல்ல கண்ணு? நீயே எடு" என்றார்.

எடுத்தேன். அவிழ்த்தார். சிவப்பு.

"சரி, அம்மன் வேண்டாம்னுட்டா" என்றார்.

"அம்மா, பிரேக்கு லைனிங்கு சுத்தமா தேஞ்சிருக்கும்மா. மிதிச்சா கிறீச்சுங்குது."

"அதான் கேட்டாச்சே. நீ மெதுவா ஓட்டு."

அன்று குண்டடத்திலிருந்து பல்லடம் வந்து, திருப்பூருக்குள் புகுந்து, பெருமாநல்லூர் போய்ச் சேர்கிறவரை நான் ஓட்டியதை ஓட்டியது என்று சொல்ல முடியாது. பால்காரர் ஒருவர் சைக்கிளில் எங்களை முந்திப் போனார். முந்தியவர் திரும்பி, "வண்டிய இழுத்துட்டுப் போகோணுங்களா?" என்று வேறு கேட்டார். ஓனரம்மா நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கை மட்டும் மேலே கைப்பிடியை விடவில்லை.

மறுநாள் காலை, நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது வந்து, "மெக்கானிக்குகிட்டக் கொண்டு போயி பிரேக்க மாத்திப்போட்டு வா" என்றார்.

நான் முழித்தேன். "நேத்து சிவப்பும்மா."

"இந்த வாரத்துல மாத்தலாமான்னுதான் கேட்டேன். ஞாயித்துக்கெழமையோட வாரம் முடிஞ்சு போச்சு. இன்னைக்குத் திங்கக்கெழம."

அவர் சிரிக்கவில்லை. விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் கேட்டாரா, அந்த சைக்கிள்காரர் முந்திய பிறகு கேள்வியை மாற்றிக்கொண்டாரா, எனக்கு விளங்கவில்லை. மெக்கானிக்கிடம் சொன்னேன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "உங்க ஓனரம்மாகிட்ட அம்மனே சூதானமா இருக்கோணுமுங்க."

அதன் பிறகு வண்டியைக் கொண்டுபோய் விட்டால் மெக்கானிக் முதலில் கேட்பது இதுதான்: "சாமி என்ன சொல்லுச்சுங்க? சொன்னா நான் தேடற வேல மிச்சம்."

ஒரு சித்திரை வெயிலில் ரேடியேட்டர் பொங்கியது. சரக்கு வாங்குகிற பையருக்குக் காட்ட வேண்டிய சாம்பிள் பெட்டியோடு கோயம்புத்தூர் போகும் வழியில், அவிநாசி தாண்டியதும் முன்னால் வெள்ளையாக ஆவி எழுந்தது. ஓனரம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டார். வண்டியைக் கட்டி இழுத்து வந்து மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றினார். உள்ளே இருந்து வந்த தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. அடியில் சுண்ணாம்பு மாதிரிப் பொருக்கு.

"எந்தத் தண்ணிங்க ஊத்துவீங்க?"

"கம்பெனி போர் தண்ணிதாங்க." அதற்குள் எனக்கும் ங்க ஒட்டிக்கொண்டிருந்தது.

"அந்தப் பக்கம் பூமிக்குள்ள எறங்குனது பூராச் சாயங்க. நீங்க ஊத்துனது தண்ணி இல்ல, டையிங்கு. வண்டிக்கு உள்ளாற கலர் ஏத்தீருக்கறீங்க."

எங்கள் பகுதியில் எல்லா வண்டிக்கும் எல்லோரும் அந்தத் தண்ணீரைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தோம். குடிக்கிற தண்ணீரைக் குடம் கணக்கில் வாங்கும் ஊரில் வண்டிக்கு வேறு எதை ஊற்றுவது?

புது ரேடியேட்டர் போடலாமா என்று ஓனரம்மா கேட்டதற்கு வெள்ளை வந்தது. வந்த பிறகு அவர் புதிது போடவில்லை. பழையதையே கழுவி அடைப்பெடுத்து மாட்டச் சொன்னார். "போடலாம்னுதான் அம்மன் சொல்லுச்சு. போட்டே ஆகோணும்னு சொல்லலியே." அதற்குப் பதிலாகத் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கேன் கேனாக வண்டியிலேயே கொண்டுவந்து, "இது ரேடியேட்டருக்கு, யாரும் தொடக் கூடாது" என்று ஆபீஸ் ரூமில் வைத்தார்.

செக்கிங்கில் வாயாடி அக்கா ஒருத்தி உண்டு. சாப்பாட்டு நேரத்தில் ஓனரம்மா காதில் விழும்படியே சொன்னாள்: "வண்டிக்குத் தோட்டத்துத் தண்ணி, நமக்கு லாரித் தண்ணி. நாமளும் மண்டையில ஒரு மூடி வெச்சுக்கலாம்டி. தொறந்து ஊத்துவாங்க."

ஓனரம்மா சிரித்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியில் கேன்கள் கூடுதலாக ஏறின. கம்பெனியில் எல்லோருக்கும் குடிக்கத் தோட்டத்துத் தண்ணீர் வர ஆரம்பித்தது. அதற்கு அவர் பூ கேட்கவில்லை.

அப்படிக் கேன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், வண்டியை ஏன் இப்படிக் கேட்டுக் கேட்டு ஓட்டுகிறார் என்பது தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது. போகும் வழியில் அவரே சொல்லியிருந்தார். "என்ற வாழ்க்கைல யாரையும் கேக்காம வாங்குனது இந்த வண்டி ஒண்ணுதான் கண்ணு. ஊட்டுக்காரரையும் கேக்குல, சாமியையுங் கேக்குல. ஊருல அத்தன பேரும் சிரிச்சாங்க. அதான் இப்ப ஒவ்வொண்ணுக்கும் கேட்டுப்போடறேன்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. கிணற்றடியில் கேனைப் பிடித்துக்கொண்டே அவருடைய வீட்டுக்காரரிடம், "அம்மா இந்த வண்டிய யாரையும் கேக்காம வாங்கிட்டாங்களாமேங்க" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

அவர் குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஆரு சொன்னது? கேட்டா. நானுங் கூடத்தான் இருந்தேன். செகப்புத்தான் வந்துச்சு. அப்பறமும் வாங்கீட்டா."

அவர் கேனை நிரப்பிவிட்டு அடுத்த கேனுக்குப் போய்விட்டார். இரண்டு பேரில் யார் சொல்வது நிஜம் என்று நான் யாரிடம் கேட்பது? திரும்பி வரும்போது ஓனரம்மாவின் முகத்தைக் கண்ணாடியில் அடிக்கடி பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அவர் முருங்கைக்காயை எண்ணிக்கொண்டிருந்தார்.

அதற்கு மறுவருடம் வண்டி புகைக்க ஆரம்பித்தது. மேட்டில் இழுக்கவில்லை. மெக்கானிக் இஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டு, இந்த முறை சிரிக்காமல் பேசினார்.

"ஹெட்டு கேஸ்கட்டு போயிருச்சுங்க. அதோட நிக்காது. இஞ்சினையே எறக்கிச் செய்யோணும். செய்யற காசுக்கு இதே மாதிரி இன்னொரு வண்டி வாங்கிப்போடலாங்க. நல்ல வெலைக்கு ஆள் இருக்கறப்பவே தள்ளி உட்டுருங்க."

ஓனரம்மா டஜன் கணக்குப் போடவில்லை. விரலையும் மடக்கவில்லை. "ஞாயித்துக்கெழம கேட்டுட்டுச் சொல்றேனுங்க" என்றார். வண்டியில் ஏறியதும் என்னைப் பார்க்காமல் சொன்னார். "வண்டி போச்சுன்னா மறுக்கா வாங்கறாப்புல இல்ல. நீ பழையபடி செக்கிங்குக்குத்தான் வரோணும் கண்ணு."

அந்த வாரம்தான் ஊரிலிருந்து அம்மா போன் செய்திருந்தாள். பெண் வீட்டார் என்னைப் பார்க்கத் திருப்பூர் வருகிறார்கள் என்றாள். "மகன் ஓனரம்மா காரு ஓட்டுதான்னு சொல்லி வச்சிருக்கேன். நல்ல சட்டையாப் போட்டுக்க. காரு பக்கத்துலயே நில்லு" என்றாள். செக்கிங் மேஜையில் பெண்களுக்கு நடுவே தலைகுனிந்து நிற்கும் என்னை அவர்கள் வந்து பார்ப்பதை நினைத்துப் பார்த்தேன். பிறகு நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். வழியெல்லாம் புகை. ஓனரம்மா கேள்வியை இந்த முறை வாய்விட்டே சொன்னார்: "வெள்ள வந்தா வெச்சுக்கறேன். செகப்பு வந்தா வித்துப்போடறேன்." இரண்டு பொட்டலமும் அம்மன் முன்னால் இருந்தன. இரண்டும் ஒரே வெள்ளைத் துணி, ஒரே மாதிரி முடிச்சு.

"எடு கண்ணு."

நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். "வேற யாராச்சும் எடுக்கட்டுமேம்மா."

"ஏன்?"

டிரைவர் வேலை போய்விடும் என்பதைச் சொல்லாமல், "சும்மாதாம்மா" என்றேன்.

"உன்ற கைதான் இத்தன நாள் எடுத்த கை. எடு."

இடதுபக்கம் இருந்ததை எடுத்தேன். உடனே வலதுபக்கம் இருந்ததை எடுத்திருக்கலாமோ என்று தோன்றியது. பூசாரி அதற்குள் மற்றதைப் பழைய மாலைகளோடு சேர்த்து வாரிக் கூடையில் போட்டுவிட்டார். ஓனரம்மா என் கையிலிருந்து வாங்கி, முடிச்சில் விரலை வைத்தார். அவிழ்க்கவில்லை.

"என்னன்னு நெனச்சு எடுத்தே?"

சாமி முன்னால் எப்படிப் பொய் சொல்வது? "வண்டி இருக்கணும்னு நெனச்சேம்மா."

"நீ நெனச்சு எடுக்கறதுக்கு அம்மன் எதுக்கு?" என்றார். கோபமாகச் சொன்ன மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. பிறகு வெளியே வந்து, வண்டியில் ஏறி, முன்னால் இருந்த டேஷ் பெட்டியைத் திறந்து, பொட்டலத்தை அப்படியே உள்ளே போட்டு மூடினார்.

"போலாம்."

"பாக்கலையாம்மா?"

"இன்னைக்குக் கேக்கறதுக்குத்தான வந்தோம். கேட்டாச்சு. பதில இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம். எங்க ஓடிப் போகுது?"

மெக்கானிக் அனுப்பிய புரோக்கர் வந்தார். "வித்துடறதுன்னு முடிவுங்களா?" என்று கேட்டார். "சாமி சொல்லீருச்சுங்க. என்ன சொல்லுச்சுன்னு நாங்க இன்னும் பாக்கலீங்க" என்றார் ஓனரம்மா. புரோக்கர் என்னைப் பார்த்தார். நான் டயரைப் பார்த்தேன். அவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இஞ்சினை இறக்கவும் இல்லை, வண்டியை விற்கவும் இல்லை. ஒரு மாதம் கேஸ்கட், அப்புறம் ஒரு மாதம் பம்பு, அப்புறம் வேறொன்று என்று வண்டி எப்படியோ ஓடியது. பெண் வீட்டார் வந்தபோது நான் அம்மா சொன்னபடி வண்டி பக்கத்தில் நின்றேன். நிச்சயமானது. எனக்குக் கல்யாணமான பிறகு ஓனரம்மா பூ கேட்பதே நின்றுபோனது. "உன்ற கை இனி ஆகாது. வேற கைய எங்க போயித் தேடறது?" என்று ஒருநாள் சொன்னார். அதன் பின் வண்டிக்கு எது வந்தாலும் மெக்கானிக் சொன்னதைச் செய்யச் சொல்லிவிட்டார்.

டேஷ் பெட்டிக்குள் அந்தப் பொட்டலம் ஆர்.சி. புத்தகத்தோடும் பழைய டோல் ரசீதுகளோடும் கிடந்தது. போலீஸ் நிறுத்தி ஆர்.சி. கேட்கும்போதெல்லாம் அது கையில் படும். ஒருமுறைகூட நான் அவிழ்த்துப் பார்க்கவில்லை. அவர் பார்த்தாரா என்று தெரியாது. முடிச்சு மட்டும் அவர் போட்ட அதே முடிச்சாக இருந்தது. எனக்காகத்தான் அவிழ்க்காமல் வைத்தாரா, வண்டியை விட மனமில்லாமல் வைத்தாரா, இல்லை, எப்போதும் போலச் சாமியிடம் ஒரு வழி கண்டுபிடித்தாரா? வண்டி ஓட்டிய இத்தனை வருடத்தில் என்னால் ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

ஆர்டர் குறைந்துபோன ஒரு வருடம் ஓனரம்மா கம்பெனியை மூடினார். மிஷின்களை விற்றார். தோட்டத்துக்கே போய்விடுவதாகச் சொன்னார். எனக்குப் பக்கத்துக் கம்பெனியில் வண்டி ஓட்டும் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். வண்டியை வாங்க அதே புரோக்கர்தான் வந்தார், பழைய விலையில் பாதிக்கு.

"உள்ளுக்குள்ள கெடக்கறத எல்லாம் எடுத்துரு கண்ணு" என்றார் ஓனரம்மா.

எடுத்தேன். பொட்டலத்தை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கி, இந்த முறை நின்ற இடத்திலேயே முடிச்சை அவிழ்த்தார். உள்ளே பூக்கள் சருகாகக் கிடந்தன. மண் நிறம். ஒன்றைக் கிள்ளி வெயிலில் தூக்கிப் பார்த்தார். லாரி வாசலில் நிற்கும்போது நீலத்துக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடித்தவர், அந்தச் சருகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எது கண்ணு?"

"தெரியலீங்கம்மா."

"வெள்ளைன்னா இப்ப விக்கக் கூடாது. செகப்புன்னா அன்னைக்கே வித்திருக்கோணும்." தனக்குள் சொல்வது போலச் சொன்னார். "அன்னைக்கு என்னன்னு நெனச்சு எடுத்தேன்னு சொன்னே?"

"வண்டி இருக்கணும்னு."

"இருந்துச்சல்லோ?"

பூவைச் செடி ஓரத்தில் உதறினார். அந்தத் துணித் துண்டாலேயே முன்கண்ணாடியில் இருந்த தூசியைத் துடைத்தார். சாவியைப் புரோக்கரிடம் கொடுத்தார். புரோக்கர் பின்கதவைச் சாத்தத் தெரியாமல் இரண்டு முறை அடித்தார். நான் போய்த் தூக்கிப் பிடித்துச் சாத்தினேன்.

வண்டி நகர்ந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் லாரிக்கு வழிவிட பிரேக் போட்டார் புரோக்கர். பின்னால் இடதுபக்கம் சிவப்பு விளக்கு எரிந்தது. வலதுபக்கம் எரியவில்லை.

"ஏங்கண்ணு, அந்த வெளக்கு எத்தன நாளா எரியறதில்ல?"

"ரொம்ப நாளாவேங்கம்மா."

வண்டி திரும்பி மறைகிறவரை ஓனரம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத நாம கேக்கவே இல்லியே" என்றார்.